இருக்கைக்கு அடியில் கிடந்த முதலுதவி

என் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் 8,900 ரூபா பெறுமதியான ‘உயிர்காப்புப் பெட்டி’ ஒன்று ஏழு மாதமாகக் கிடந்தது. உள்ளங்கையளவு தகரப்பெட்டி. உள்ளே 32 பொருட்கள் இருப்பதாக மூடியில் அச்சிட்டிருந்தார்கள். இணையத்தில் படத்தைப் பார்த்து மயங்கி, கொழும்பிலிருந்து தருவித்தேன். கடந்த ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அது எனக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து எனக்கும் அதற்கும் இடையே 700 மீற்றர் கடற்கரை மணல் இருந்தது. சட்டைப்பைக்குள் வைக்கத்தக்கது என்று விளம்பரம் சொன்ன பெட்டியை நான் ஏன் சட்டைப்பையில் வைக்கவில்லை என்றால், என் சுடிதாருக்குப் பையே இல்லை. சிரிக்கலாம். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

நான் திருகோணமலை உப்புவெளியில் அம்மாவோடு இருக்கிறேன். நகரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. வாரத்தில் ஆறு நாட்கள் இலக்கங்களையும் முதலாளியின் முகத்தையும் பார்த்தபின், ஏழாம் நாள் கடலைப் பார்க்காவிட்டால் எனக்குத் தலை கனக்கும். திருகோணமலைக்காரிக்குக் கடல் என்ன பெரிய காட்சியா என்று கேட்பார்கள். நகரத்துக் கடற்கரையில் ஞாயிறு என்றால் பட்டமும் கச்சான்கொட்டையும் ஐஸ்கிரீமும்தான். எனக்கு வேண்டியது ஆளரவமற்ற கடல். நிலாவெளியைத் தாண்டி, இறக்கக்கண்டிப் பாலத்தையும் தாண்டி, குச்சவெளிப் பக்கத்தில் மணலுக்குள் பாறைகள் இறங்கும் ஓரிடம் இருக்கிறது. காலையில் அங்கே ஆலா என்னும் கடற்பறவைகள் வந்து உட்காரும். பழைய தொலைநோக்கி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அவற்றைப் பார்த்துவிட்டு வருவேன். அவ்வளவு தூரம் தனியே போகிறேன் என்றால் அம்மா விடமாட்டார். ஆகவே அன்றும் வழக்கம்போல, கோணேசர் கோவிலுக்குப் போய்விட்டு ஒரு சிநேகிதி வீட்டுக்கும் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். முதல் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. எனக்கு ஏதாவது நடந்திருந்தால் அந்தக் கோவில் நிற்கும் சுவாமி மலையில் மான்களுக்கிடையே என்னைத் தேடியிருப்பார்கள். நான் 30 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே கிடந்திருப்பேன்.

ஸ்கூட்டரைப் பனைகளின் கீழ் நிறுத்திவிட்டு, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் கைத்தொலைபேசியும் அடங்கிய சிறு துணிப்பையோடு பாறைகளை நோக்கி நடந்தேன். காலில் இறப்பர் செருப்பு. காலை ஒன்பதரை மணி இருக்கும். ஆலாக்கள் ஒரு பாறை தள்ளி உட்கார்ந்திருந்தன. கிட்டப் போகலாம் என்று ஈரப்பாறையில் கால் வைத்தேன். செருப்பு வழுக்கியது. விழுவதை நாம் உணர்வதில்லை, விழுந்து கிடப்பதைத்தான் உணர்கிறோம். பாறை முழுக்கச் சிப்பி ஒட்டியிருந்தது. உடைந்த சிப்பியின் விளிம்பு சவர அலகைவிடக் கூர். இடது பாதத்தின் உட்பக்கம், கணுக்காலுக்குக் கீழே, ஏறத்தாழ இரண்டு அங்குல நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. முதல் இரண்டு மூன்று விநாடிகள் இரத்தமே இல்லை, உள்ளே வெள்ளையாகத்தான் தெரிந்தது. பிறகு வரத் தொடங்கியது. இரண்டு உள்ளங்கையும் உரசித் தோல் சீவியிருந்தது. துணிப்பை பாறைக்குழிக்குள் விழுந்து, தொலைபேசி உப்புநீரில் ஊறிக் கிடந்தது. எடுத்து உதறினேன். திரை ஒருமுறை மின்னி அணைந்தது.

அதன்பின் நான் செய்தவை எல்லாம் பிழை. வரிசையாகச் சொல்கிறேன். முதலில் காலைக் கடலுக்குள் விட்டுக் கழுவினேன். கடல்நீர் உப்புத்தானே, புண்ணுக்கு நல்லது என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். கரையோரத்து இளஞ்சூடான நீரில் காயத்துக்குள் புகுந்து சீழ் பிடிக்கச் செய்யும் கிருமிகள் இருக்கின்றன. சிப்பி வெட்டு அதனால்தான் சாதாரண வெட்டைவிடப் பொல்லாதது என்று பின்னர் வைத்தியர் சொன்னார். கழுவுவதென்றால் குடிக்கக்கூடிய தண்ணீரால், நிறைய விட்டுக் கழுவ வேண்டும். அடுத்து, துப்பட்டாவைச் சுருட்டி அழுத்தினேன். அது சரி. ஆனால் ஒவ்வொரு நிமிடமும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். நின்றுவிட்டதா என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும், உறையத் தொடங்கிய இரத்தத்தைத் துணியோடு பிய்த்தெடுக்கிறேன் என்பது அப்போது தெரியாது. பத்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்து மேலே வந்தால் அதை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்த வேண்டும். இரத்தம் கொட்டும்போது பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை யாரும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தண்ணீர் இன்னொரு சோதனை. அரை லீற்றரில் பாதியை ஏற்கெனவே குடித்திருந்தேன். மீதியைக் காயத்தில் விடுவதா, குடிப்பதற்கு வைப்பதா? ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும். (நாங்கள் தின்னும் கச்சான் வேறு, இந்தக் கச்சான் வேறு.) தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் வறண்ட சூட்டுக்காற்று, வியர்வை வருவதே தெரியாமல் உலர்த்திவிடும். நான் கொஞ்சம் கழுவினேன், கொஞ்சம் குடித்தேன், இரண்டும் போதவில்லை. தூரத்தில் மீனவர்கள் தங்கும் வாடிகள் தெரிந்தன. கத்தினேன். கச்சான் என் குரலைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் கடலுக்குள் வீசியது. பத்துப் பன்னிரண்டு தடவை கத்தியதில் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. வலியால் வந்த அழுகை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அம்மாவிடம் சொன்ன பொய்தான் தொண்டையை அடைத்தது.

துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நொண்டியும் தவழ்ந்தும் ஸ்கூட்டரை அடைய ஐம்பது நிமிடம் எடுத்தது. இருக்கையைத் திறந்து பெட்டியை எடுத்தபோது, தப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். மூடி திறக்கவில்லை. ஏழு மாத உப்புக்காற்றில் விளிம்பு துருவேறி இறுகியிருந்தது, என் கையோ இரத்தத்திலும் மணலிலும் வழுவழுத்தது. ஸ்கூட்டர்ச் சாவியை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். மூடி தெறித்துப் பொருட்கள் மணலில் கொட்டின. அள்ளப் போன கையில் தூண்டில் முள் ஒன்று ஏறியது. நல்லவேளை, நுனி மட்டும்தான், கொளுக்கி உள்ளே போகவில்லை. இனி அந்த 32 பொருட்களைப் பாருங்கள்: ஏழு பிளாஸ்டர்; இருக்கையடிச் சூட்டில் பசை இளகி, ஒன்றோடொன்று கட்டியாய் ஒட்டியிருந்தன. கிருமிநீக்கித் துடைதாள் நான்கு. உறைக்குள் காகிதமாய்க் காய்ந்திருந்தன. விரலைச் சுற்றத்தான் போதும் என்ற அகலத்தில் ஒரு மெல்லிய பண்டேஜ். துணியை வெட்டாமல் மெல்லுகிற கத்தரிக்கோல். மீதமெல்லாம் தூண்டில், தூண்டில் நரம்பு, கண்ணிக் கம்பி, கம்பி வாள், பாம்புக்கடிக்கென்று சில, பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி. கடல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். திருகோணமலையில் பிறந்தவளுக்குக் கொழும்பிலிருந்து தூண்டில் முள் வந்திருந்தது.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஸ்கூட்டரின் ஹோர்ன். அதுவும் கிட்டத்தட்ட இருபது நிமிடம் பனையடியில் செயலற்று உட்கார்ந்திருந்த பிறகுதான் தோன்றியது. மூன்று மூன்றாக அடித்தேன். மூன்று ஒலி, சற்று இடைவெளி, மறுபடி மூன்று ஒலி என்பது பல இடங்களில் ஆபத்துக் குறியாகக் கொள்ளப்படுகிறது என்று எப்போதோ வாசித்த நினைவு. வாடியிலிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தக் குறி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரோ ஹோர்னைப் பழுதாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க வந்தாராம். என்னை ஏற்றிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனார். அவருடைய உம்மா என்னைப் பாயில் இருத்தி, சீனி போட்ட தேநீர் கொடுத்தார். “காலைக் கீழே தொங்கவிடாதே மகள்” என்று தலையணை வைத்து உயர்த்தினார். எல்லாம் சரியாகவே செய்தார். பிறகு ஒரு கைப்பிடி கோப்பித்தூளைக் கொண்டுவந்து காயத்துக்குள் அமுக்கினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆச்சியும் அதைத்தான் செய்திருப்பார். இரத்தமும் நின்றதுபோலத்தான் இருந்தது.

தம்பி தன் தொலைபேசியை நீட்டி, வீட்டு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு ஒரு இலக்கமும் நினைவில்லை. நாள்முழுக்க இலக்கங்களோடு வேலை செய்பவள் நான். சொந்தத் தம்பியின் இலக்கம், அம்மாவின் இலக்கம், ஒன்றும் வரவில்லை. எல்லாம் செத்துப்போன தொலைபேசிக்குள் இருந்தன. நினைவில் வந்தது ஒன்றே ஒன்று: 026இல் தொடங்கும் எங்கள் பழைய வீட்டுத் தொலைபேசி இலக்கம். அந்த இணைப்பைத் துண்டித்து எத்தனையோ வருடமாகிறது.

1990ஐ அழைக்கலாம் என்று தம்பி சொன்னார். சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதற்கும் வந்தது; காசு கேட்க மாட்டார்கள். காலில் ஒரு வெட்டுக்கு ஆம்புலன்ஸா, யாராவது சாகக் கிடக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று நான் மறுத்துவிட்டேன். வீம்பு என்றும் சொல்லலாம். எங்கள் வீட்டில் 1990 என்றால் வேறு அர்த்தம். போருக்குப் பயந்து அம்மா என்னையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு ஓடிய ஆண்டு அது. அந்த இலக்கம் இனி எனக்கு மறக்காது. அழைத்திருந்தால், வருகிறவர்களே காயத்தைப் பார்த்து, நேரே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். நான் 5,000 ரூபாவுக்கு முச்சக்கரவண்டி பிடித்து, வரிசையில் நிற்கப் பயந்து, நகரத்தில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். அங்கே மேலாகத் துடைத்து ஏழு தையல் போட்டு, மாத்திரை தந்து, 7,800 ரூபா வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எங்கே, எதனால் வெட்டியது என்று அவர்கள் கேட்கவில்லை. கடல், சிப்பி, கோப்பித்தூள் என்று நானும் சொல்லவில்லை. வெட்கம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் பாதிப் பங்கு என்னுடையது. காயத்தோடு போகும் யாரும் கேட்காவிட்டாலும் மூன்றைச் சொல்லிவிடுங்கள்: எதனால் வெட்டியது, எந்தத் தண்ணீர் பட்டது, மேலே என்ன பூசினீர்கள். கடைசியாக ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டது எப்போது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அழுக்குக் காயமென்றால் ஐந்து ஆண்டு கடந்திருந்தாலே மறுபடி போடச் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல். பாதம் பளபளவென்று வீங்கி, சிவப்பு கணுக்காலுக்கு மேலே ஏறத் தொடங்கியது. என் சொந்தத் தம்பி என்னை அரச வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனான். இளம் வைத்தியர் ஒருவர் ஒன்றும் பேசாமல் நீலப் பேனாவை எடுத்து, சிவப்பின் எல்லையைச் சுற்றிக் காலில் கோடு வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். சிவப்பு கோட்டைத் தாண்டினால் நோய் முன்னேறுகிறது, உள்ளே சுருங்கினால் மருந்து கேட்கிறது. மறுநாள் காலை கோட்டைத் தாண்டி ஒரு விரலகலம் ஏறியிருந்தது. காணி அளக்கிறவர்கள் எல்லைக்கல்லைப் பார்ப்பதுபோல மணிக்கொரு தரம் என் காலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தையலைப் பிரித்தார்கள். தாதி குனிந்து, உப்புநீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவக் கழுவ, காயத்துக்குள்ளிருந்து கறுப்புத் துகள்கள் வந்தன. கிண்ணத்தின் அடியில் கோப்பி படிந்தது. கடைசியில் நகக்கண் அளவில் ஒரு சிப்பித் துண்டும் வந்தது. ஆறு நாள் விடுதியில், நரம்புவழியாக நுண்ணுயிர்க்கொல்லி. அந்தச் சிகிச்சைக்கு ஒரு சதமும் செலவில்லை. அதற்கு முன் போனவைதான் செலவு: பெட்டி, முச்சக்கரவண்டி, தனியார் சிகிச்சை, புதுத் தொலைபேசிக்கு 52,000, எல்லாமாக 73,700 ரூபா. வேலைக்குப் போகாத நாட்கள் 24. அதில் ஒன்பது நாளுக்குச் சம்பளம் இல்லை.

கட்டிலில் கிடந்த நாட்களில் அம்மா என்னைத் திட்டவில்லை. அதுவே பெரிய தண்டனை. ஒருநாள் அலுமாரியிலிருந்து தன் பழைய பையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். எங்கள் ஊரில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட எல்லா அம்மாமாரிடமும் இப்படி ஒரு பை இருக்கும். 1990இல் ஓடியதும் அதோடுதான், 2004 டிசம்பரில் கடல் வந்தபோது ஓடியதும் அதோடுதான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள் பொலித்தீனில் சுற்றியபடி. தோய்த்து மடித்த பழைய பருத்திச் சேலைத் துண்டு இரண்டு. பனடோல், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, ஒரு பொட்டலம் சீனி, கொஞ்சம் காசு. தூண்டிலும் இல்லை, கம்பி வாளும் இல்லை. அனுபவித்தவர் கட்டிய பைக்கும், அனுபவிக்காதவர் விற்ற பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நடக்கத் தொடங்கியதும் எனக்கென்று ஒன்றைக் கட்டினேன். மூன்று தடவை மாற்றியாயிற்று. முதலில் தகரப்பெட்டியைக் கைவிட்டேன். படத்தில் அழகாக இருக்கும், கடற்காற்றில் துருப்பிடிக்கும், ஒரு நல்ல பண்டேஜ்கூட உள்ளே போகாது, விழுந்தால் இடுப்பில் குத்தும். இப்போது இருப்பது இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் உறை, அதற்கு வெளியே தடித்த துணி உறை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அதில் பாதி இடத்தை ஒரேயொரு பொருள் பிடித்திருக்கிறது: இழுபடும் கிரேப் பண்டேஜ், மூன்று அங்குல அகலத்தில் ஒரு சுருள். அதனோடு கிருமியகற்றிய கோஸ் (காயத்தின்மேல் வைக்கும் வலைத்துணி) மடிப்பு மூன்று. அன்று என்னிடம் இவை இரண்டும் இருந்திருந்தால் பாறையிலேயே கோஸை வைத்துப் பண்டேஜால் அழுத்திச் சுற்றிவிட்டு, இரு கையும் ஓய்வாக நடந்திருப்பேன். அதே பண்டேஜ் கால் சுளுக்கினால் உதவும், கை முறிந்தால் தடியோடு சேர்த்துக் கட்ட உதவும். பிளாஸ்டர்கள் துணி வகையில் ஐந்து மட்டும். அவை கொப்புளத்துக்கும் சிறு கீறலுக்கும்தான். ஆழக் காயத்தின்மேல் பிளாஸ்டர் ஒட்டுவது அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். ஒட்டுநாடாவைச் சுருளாக வைக்காமல், லைட்டரைச் சுற்றி ஒரு மீற்றர் அளவுக்குச் சுற்றியிருக்கிறேன். லைட்டரால் இதுவரை நெருப்பு மூட்டியதில்லை, நாடாவுக்கு நல்ல தண்டாக இருக்கிறது.

சேஃப்டி பின் மூன்று வைத்திருக்கிறேன். பண்டேஜைக் குத்துவதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர்ப் போத்தலின் மூடியில் இந்தப் பின்னைக் கொண்டு ஒரு துளையிட்டுப் போத்தலை நெரித்தால் நீர் பீய்ச்சியடிக்கும். தாதி செய்ததும் அதைத்தான், கருவி மட்டும் வேறு. ஊற்றிக் கழுவுவதைவிட இதில் மணலும் துகளும் நன்றாக வெளியேறும், தண்ணீரும் வீணாகாது. முட்களுக்கு நுனி சரியாகக் கூடும் இடுக்கி ஒன்று. கடையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள், பாதி இடுக்கிகளின் நுனி கூடாது. கையுறை ஒரு சோடி, அடுத்தவருக்கு உதவ நேர்ந்தால். விசில் ஒன்று, அதை மட்டும் உறைக்குள் வைக்காமல் சாவிக்கொத்தில் கோத்திருக்கிறேன். தொண்டை வறண்டவராலும் விசில் ஊத முடியும், கச்சானையும் அது ஓரளவு வெட்டிக்கொண்டு போகும்.

மருந்தில் பேராசை வேண்டாம். பனடோல் நான்கு. அஸ்பிரின் வகைகளை நான் வைப்பதில்லை: இரத்தப்போக்கைக் கூட்டும், டெங்குக் காய்ச்சல் திரியும் நாட்டில் அது ஆபத்து. ஒவ்வாமைக்குப் பிரிட்டோன் இரண்டு. போட்டால் தூக்கம் வரும், போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறக் கூடாது. குளவி கொட்டி முகம் வீங்கி மூச்சிழுத்தால் பிரிட்டோனை நம்பிக்கொண்டு இருக்கவும் கூடாது, வைத்தியசாலைதான். ஜீவனி ஒரு பக்கெட், உடலில் நீர் வற்றினால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள் அது. இதில் ஒரு சிக்கலை நான் வீட்டில் ஒத்திகை பார்த்தபோதுதான் கண்டேன்: பக்கெட் ஒரு லீற்றர் தண்ணீருக்கானது, நான் கொண்டுபோவது அரை லீற்றர்ப் போத்தல். முழுவதையும் அதற்குள் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகும், அது நன்மையைவிடத் தீமை. ஆகவே போத்தலை மாற்றினேன். இப்போது ஒரு லீற்றருக்குக் குறைந்து கொண்டுபோவதில்லை. உங்களுக்கு நாளாந்தம் போடும் மாத்திரை இருந்தால் இரண்டு நாளுக்கானது இருக்கட்டும். எதையும் வண்டி இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள். பெரும்பாலான மருந்துகளின் உறையிலே 30 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்லி இருக்கும்; வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் வயிறு அடுப்புக்குச் சமம்.

ஒரு சிறு அட்டையில் என் பெயர், இரத்த வகை, அம்மாவினதும் தம்பியினதும் இலக்கங்கள், அதன் கீழே 1990. பென்சிலால் எழுதியிருக்கிறேன், மை நனைந்தால் கரையும். ஆயிரம் ரூபாத் தாள் ஒன்று நான்காக மடித்து. தம்பியின் இலக்கத்தை மனப்பாடமும் செய்துவிட்டேன், அம்மா நடுநடுவே என்னிடம் சோதனை வைக்கிறார்.

வெளியே எறிந்தவற்றில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கம்பி வாளால் எங்கள் முற்றத்துப் புளியங்கொப்பை அறுத்துப் பார்த்தேன். மூன்றாம் இழுப்பில் வாள் அறுந்தது, கொப்பு அப்படியே நிற்கிறது. பாம்புக்கடிக்கென்று ஒரு இறப்பர் உறிஞ்சியும் சிறு அலகும் இறுக்கிக் கட்டுவதற்கு ஒரு பட்டியும் பெட்டியில் இருந்தன. அவைதான் உள்ளதிலேயே ஆபத்தானவை. கடித்த இடத்தை வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. மோதிரம், கொலுசு, வளையல்களைக் கழற்றிவிட்டு, அந்த உறுப்பை அசையாமல் தடி வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பைத் துரத்திக்கொண்டு போனவர் இரண்டாம் கடி வாங்கிய கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. உறைக்குள் வைக்க முடியாத முதலுதவிகளும் இருக்கின்றன. திருக்கை முள் குத்தினால் உடனடி நிவாரணம், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருப்பது. அதற்கு வெந்நீர் வைக்கத் தெரிந்த ஒரு வீடு பக்கத்தில் வேண்டும். இன்னொன்று சப்பாத்து. கட்டும் சப்பாத்தொன்று போட்டிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பண்டேஜ் வாங்குவது எளிது, அதை இரத்தம் ஓடுகிற காலில் சுற்றுவது வேறு கலை.

பையின் பிரச்சினையைத் தையற்காரர் தீர்த்துவைத்தார். ஐந்து சுடிதாருக்கும் பக்கத்தில் ஆழமான பை, ஒன்றுக்கு 150 ரூபா. பெண்பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்று கேட்டார். காலைக் காட்டினேன். மறுபேச்சில்லாமல் தைத்துத் தந்தார், ஓரத்தில் இரட்டைத் தையலும் போட்டார். மாதத்தில் ஒருநாள் கையைச் சவர்க்கார நீரில் நனைத்துவிட்டு, இடது கையால் மட்டும் உறையைத் திறந்து பண்டேஜைச் சுற்றிப் பார்க்கிறேன். முதல் தடவை நான்கு நிமிடம் எடுத்தது. இப்போது ஒன்றரை. அம்மாவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

சென்ற மாதம் மறுபடி குச்சவெளிக்குப் போனேன், இந்த முறை எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு. அன்று அந்தத் தம்பி பெற்றோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. ஆகவே என்னுடையதைப்போலவே ஓர் உறையைக் கட்டி, கொஞ்சம் பலகாரத்தோடு கொண்டுபோனேன். உம்மா பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினார். ஒவ்வொன்றும் எதற்கென்று நான் சொல்லச் சொல்லத் தலையசைத்துக் கேட்டார். பண்டேஜை இழுத்துப் பார்த்தார், விசிலை ஊதிப் பார்த்தார். காயத்துக்குள்ளிருந்து வந்த கறுப்புத் துகள்களைப் பற்றி வழிமுழுக்க ஒத்திகை பார்த்த பேச்சை எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் உறையைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறினார்.

“எல்லாம் சரி மகள்,” என்றார். “கோப்பித்தூள் எங்கே?”